ஸ்டுட்கார்ட் பெட்டியும் வள்ளியின் சுருதியும்

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குப் போகிற வழியில் இருக்கிறது திருக்கோஷ்டியூர். ராமானுஜர் கோபுரத்தில் ஏறி நின்று, தாம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் என்று வழங்கும் ஊர். இந்த வட்டாரத்துக் காதுகள் மூன்று ஒலிகளில் பழகியவை. சௌமிய நாராயணப் பெருமாள் புறப்பாட்டில் முன்னே போகும் நாகசுரம் ஒன்று. காரைக்குடியின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன வீணை இன்னொன்று. மூன்றாவது, சுற்றுப்பட்டு ஊர்களில் திருவிழா இரவுகளில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தின் ஆர்மோனியம். முதல் இரண்டுக்கும் சங்கீத உலகில் குறையாத மரியாதை உண்டு. ஆர்மோனியத்துக்கோ நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பழி: நம் சுருதியைக் கெடுத்த சீமைப் பெட்டி.

இந்தப் பழியில் உண்மை எவ்வளவு என்று பௌதிகத்தை வைத்தே பார்த்துவிடலாம். பார்க்கத் தொடங்கினால் முதலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சுத்தமான சுருதி எப்படி ஒலிக்கும் என்று ஐரோப்பிய விஞ்ஞானி ஒருவர் காதால் கேட்டு நிரூபிக்க விரும்பியபோது, அவர் கையில் எடுத்த கருவி இதே ஆர்மோனியம்தான். அதைச் செய்துகொடுத்தவர்கள் ஸ்டுட்கார்ட் நகரத்து ஷீட்மாயர் சகோதரர்கள்.

ஷீட்மாயர் குடும்பத்தார் கட்டை அழுத்தி வாசிக்கும் வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள். பால்தசார் ஷீட்மாயர் 1735இல் எர்லாங்கன் ஊரில் தம் முதல் வாத்தியத்தைச் செய்தார். அவர் மகன் யோகான் டேவிட், ஆக்ஸ்பர்க்கில் யோகான் ஆந்த்ரேயாஸ் ஸ்டைனிடம் தொழில் கற்றார். 1777இல் மோட்சார்ட் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் புகழ்ந்து தள்ளிய பியானோக்கள் இந்த ஸ்டைன் செய்தவை. பேரன் யோகான் லோரென்ஸ் 1809இல் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து, கூட்டாளி ஒருவரோடு பியானோப் பட்டறை வைத்தார். அவருடைய மகன்களில் யூலியுஸ், பவுல் இருவரும் 1853இல் தனியாகப் பிரிந்து, ஆர்மோனியத்துக்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். தகப்பன் வழித் தொழிலான பியானோவை விட்டுவிட்டுப் புதுச் சரக்கில் இறங்கத் துணிச்சல் வேண்டும். பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கி அப்போது பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பெட்டிதான் புதிது, உள்ளே பாடும் நாக்கு மிகப் பழையது. சீனத்து ஷெங் என்னும் மூங்கில் வாத்தியத்தில் அது பல நூற்றாண்டுகளாக ஒலித்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் அதன் மேல் அறிவியல் கவனம் திரும்பியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஜெர்மனியில் பிறந்து கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிராட்சென்ஸ்டைன், மனிதர் உச்சரிக்கும் உயிரெழுத்துகளை எழுப்பும் குழாய்களை இத்தகைய நாக்குகளைக் கொண்டு செய்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் பரிசை வாங்கினார். பேச்சை ஆராயப் புகுந்த வேலை, பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிய ஆடம்பரம் எதுவும் இல்லை. பலகையொன்றில் வரிசையாகப் பொருத்திய பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் நீளவாக்கில் ஒரு வெட்டு. அந்த வெட்டின் மேல், ஒரு முனை மட்டும் தறைந்த மெல்லிய பித்தளை நாக்கு. ரீட் என்று கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். நாக்கு வெட்டைவிட மயிரிழை அளவுதான் ஒடுங்கியது; விளிம்பில் உரசாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். உரசினால் ரீங்காரம் போய் இரைச்சல் வரும். ஓய்ந்திருக்கும்போது நாக்கின் நுனி தகட்டுக்குச் சற்று மேலே எழும்பி நிற்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் எவ்வளவு காற்று அடித்தாலும் அது பேசாது.

கட்டையை அழுத்தினால் துருத்தியின் காற்று அந்த இடைவெளியில் பாய்கிறது. நாக்கு வெட்டுக்குள் இழுபட, வழி அடைகிறது. பித்தளையின் விறைப்பு அதை மீட்கிறது, வழி திறக்கிறது. இவ்வளவு மட்டும்தான் என்றால் ஆட்டம் சட்டென்று ஓய்ந்துவிட வேண்டும். ஓயாததற்குக் காரணம் காற்றின் நிலைமம். வழி திறந்ததும் காற்று உடனே முழு வேகம் எடுப்பதில்லை, அடைந்ததும் உடனே நின்றுவிடுவதும் இல்லை, கொஞ்சம் பிந்துகிறது. அந்தப் பிந்தலால், காற்றின் போக்கில் நாக்கு போகும்போது கிடைக்கும் உந்தல், எதிர்த்து வரும்போது படும் தடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் ஆட்டுகிறவர், பலகை விலகிப் போகும்போது மட்டும் லேசாகத் தட்டிவிடுவதைப் போல. ஒவ்வொரு ஆட்டத்திலும் இழந்த ஆற்றல் இப்படித் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

சுரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாக்கின் உடல்வாகு. நீளம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் கால்வாசியாகும். தடிப்பு இரண்டு மடங்கானால் அதிர்வெண்ணும் இரண்டு மடங்கு. காற்றைக் கூட்டினால் ஒலி ஓங்கும். சுருதி அதிகம் அசையாது. பாதிரிமார்களும் துரைமார்களும் வெயில் நாடுகளுக்கு இதை விரும்பிக் கொண்டுவந்ததற்கு இந்தக் குணம் ஒரு காரணம். குழாய் ஆர்கனில் சுரத்தைத் தீர்மானிப்பது குழாய்க்குள் ஒலி போகும் வேகம். வெப்பம் ஏறினால் வேகம் ஏறும், சுருதியும் ஏறும். 25 பாகை காலையிலிருந்து 38 பாகை மதியத்துக்குள் ஒரு குழாயின் சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். நரம்பு வாத்தியங்களுக்கு ஈரக்காற்று பகை. பித்தளை நாக்கு இரண்டுக்கும் பெரிதாக அசைந்து கொடுக்காது.

சுருதி சேர்க்கும் வேலை கண்ணால் பார்க்க வேண்டியது. பெட்டி செப்பனிடுகிறவர் நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய தகடொன்றைச் செருகி, நாக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். நுனிப்பக்கம் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் அங்கே பாரம் குறைந்து சுருதி ஏறும். தறைக்குப் பக்கத்தில், அடியில் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். சுரண்டுவார், ஊதிப் பார்ப்பார், மறுபடி சுரண்டுவார். விழும் பித்தளைத் தூளைக் கண்ணால் எண்ண முடியாது. காது அதைக் கண்டுகொள்ளும்.

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த இடத்தில்தான் வருகிறார். ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர். கண்ணையும் காதையும் கணிதத்தோடு ஆராய்ந்தவர். இசைக்கும் செவிக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1863இல் வெளிவந்தது. இன்றைக்கும் ஒலியியல் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. அதிர்வை நுண்ணோக்கியால் பார்க்கும் ஒரு கருவியை வைத்து ரீட்டின் நாக்கைக் கவனித்த அவர் ஒன்றைக் கண்டார்: நாக்கின் ஆட்டம் மிக எளிமையானது, ஊசல் போல ஒரே சீரானது. அப்படியென்றால் ஆர்மோனியத்தின் அந்தக் காரமான ஒலி எங்கிருந்து வருகிறது? நாக்கிலிருந்து அல்ல, துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வெளியேறும் காற்றிலிருந்து. ஒவ்வொரு வெட்டும் ஒரு சிறு வெடிப்பு. அதில் அடிச்சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்கள் எல்லாம் அடர்த்தியாகக் கலந்திருக்கும்.

ஆர்மோனியத்தின் பெருமையும் சிறுமையும் இந்த மேற்சுரங்களில்தான் அடங்கியிருக்கின்றன. ஒரு கட்டைச் சுருதியில், நடு ஸ்தாயி சட்ஜம் சுமார் 261.6 ஹெர்ட்ஸ். அந்தர காந்தாரம் அதற்கு 5:4 என்ற விகிதத்தில் நின்றால் 327.0 ஹெர்ட்ஸ். சட்ஜத்தின் ஐந்தாம் மடங்கும் காந்தாரத்தின் நான்காம் மடங்கும் அப்போது ஒரே இடத்தில், 1308இல் விழும். இரண்டும் இழைந்து ஒன்றாகிவிடும். காந்தாரம் சற்று நகர்ந்தால் அந்த இரண்டு மேற்சுரங்களும் ஒன்றையொன்று இடித்து, ஒலி ஏறி இறங்கித் துடிக்கத் தொடங்கும். துடிப்பு நொடிக்கு ஒன்றிரண்டு என்றால் அலைபோல இருக்கும். பத்து, இருபது என்று போனால் கரகரக்கும். நொடிக்கு முப்பது சொச்சத்தில் கரகரப்பு உச்சம் என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸின் கணிப்பு. பியானோவில் தட்டிய ஒலி உடனே தேயத் தொடங்கிவிடுவதால் குறை மறைந்துவிடும். ஆர்மோனியத்தில் காற்று இருக்கும்வரை ஒலி நிற்கும், மேற்சுரங்களும் வலுவானவை. குற்றத்தை மறைக்க அதற்குத் தெரியாது. அதனாலேயே விஞ்ஞானிக்கு அது அருமையான கருவியாயிற்று.

அன்று விற்ற ஆர்மோனியங்களில் காந்தாரம் 327இல் நிற்கவில்லை. 329.6இல் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. இது கைத்தவறு அல்ல, தெரிந்தே செய்த ஏற்பாடு. சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறுவது 3:2. அந்தப் பஞ்சமத்தைப் புதுச் சட்ஜமாக்கி அதன் பஞ்சமத்துக்கு ஏறுங்கள். இப்படிப் பன்னிரண்டு முறை ஏறினால், தொடங்கிய சட்ஜத்தின் ஏழாவது மேல் ஸ்தாயியில் வந்து நிற்க வேண்டும். நிற்காது. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வரும், இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இந்த உபரியை எங்கே ஒளிப்பது என்பதுதான் ஐரோப்பிய வாத்தியக்காரர்களைப் பல நூற்றாண்டுகள் தூங்கவிடாத கேள்வி. எந்தக் கட்டையைச் சட்ஜமாக வைத்தாலும் வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்றால், உபரியைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு எல்லாச் சுரத்தின் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட வேண்டும். இதுதான் சமப் பகுப்பு. ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலை 1875இல் ஆங்கிலத்தில் பெயர்த்த அலெக்சாண்டர் எல்லிஸ் பின்னர் வகுத்த அளவையில், ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். சமப் பகுப்பில் ஒவ்வொரு அரைச்சுரமும் 100 சென்ட். பஞ்சமம் இதில் இரண்டே சென்ட் குறைகிறது, காது பொறுத்துக்கொள்ளும். அந்தர காந்தாரமோ ஏறத்தாழ 14 சென்ட் கூடிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் நொடிக்குப் பத்துத் துடிப்பு. ஆர்மோனியத்தில் அது நன்றாகவே கேட்கும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு அது பொறுக்கவில்லை. சுத்த சுரங்களில் ஒலிக்கும் ஆர்மோனியம் ஒன்றை வடிவமைத்தார். ஷீட்மாயர் சகோதரர்கள் அதைச் செய்தார்கள். ஒரு வரிசைக் கட்டைகளுக்குப் பதில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை; ஸ்தாயிக்கு 12 சுரத்துக்குப் பதில் 24. இரண்டு வரிசைக்கும் நடுவே சுமார் 22 சென்ட் வித்தியாசம். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒரு வரிசையில் அழுத்தி, காந்தாரத்தை மற்ற வரிசையில் அழுத்தினால் மூன்றும் துடிப்பில்லாமல் இழையும். ஸ்தாயிக்கு 24 நாக்கையும் கேட்ட இடத்தில் நிறுத்திக் கொடுத்த தொழிலாளி யாரென்று எனக்குத் தெரியாது. அந்த அரத்துக்குப் பின்னால் இருந்த காதை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தப் பெட்டியைக் கேட்டுவிட்டுப் போய்ச் சாதாரணப் பியானோவைக் கேட்டால் எல்லாமே பொய்யாக ஒலிக்கிறது என்ற பொருள்பட எழுதினார் ஹெல்ம்ஹோல்ட்ஸ். சமப் பகுப்புக் கருவிகளோடு பாடிப் பழகுவதால் பாடகர்களின் காது கெடுகிறது என்றும் குறைபட்டார். நம்மூர் வித்துவான்கள் பிற்பாடு ஆர்மோனியத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டு எழுத்துக்கு எழுத்து இதுதான்; ஒரு ஜெர்மானியர் அதை 1863இலேயே அச்சில் ஏற்றிவிட்டார்.

ஷீட்மாயர் பெயர் இன்றும் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வெண்ட்லிங்கன் ஊரில் செலஸ்டா என்னும் மணியொலி வாத்தியம் செய்கிறார்கள். சுத்த சுருதி ஆர்மோனியம் மட்டும் பரவவே இல்லை. இரண்டு வரிசைக் கட்டைகளில் விரல் பழக யாருக்குப் பொறுமை இருக்கும்? விற்றது ஒற்றை வரிசைச் சமப் பகுப்புப் பெட்டி. கப்பலேறி நம்மிடம் வந்ததும் அதுதான்.

கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதை நம் ஆட்களுக்கு ஏற்ப மாற்றினார். காலால் மிதிக்கும் துருத்தியை எடுத்துவிட்டு, பெட்டியின் முதுகில் கையால் இழுக்கும் துருத்தியைப் பொருத்தினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கலாம் என்றானதும் அது நாடு முழுக்கப் பரவியது. ரீட்டுகள் நெடுங்காலம் பாரிசிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. பிறகு குஜராத்தின் பாலிதானா ரீட் செய்வதில் பெயர் பெற்றது. ஆனாலும், பழைய ஜெர்மன் ரீட் போட்ட பெட்டி என்றால் இன்றும் விலை ஏறிவிடும்.

சுருதிச் சண்டை இங்கே வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மேற்கு இந்தியாவில் கே. பி. தேவல், ஆங்கிலேய நீதிபதி எர்னஸ்ட் கிளெமென்ட்ஸ் இருவரும் பழைய நூல்கள் சொல்லும் 22 சுருதிகளை வாசிக்க ஒரு சுருதி ஆர்மோனியத்தை உருவாக்கினார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸின் வழிதான், இலக்கு மட்டும் வேறு. அதை எதிர்த்து நின்றவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவர், தோட்டக்கலையில் ஈடுபட்டவர், கணக்கில் புலி. 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குத் தம் மகள்களோடு போய்த் தம் கொள்கையைப் பாடிக் காட்ட வைத்தார். 22 சுருதி என்ற கணக்கே தவறு, ஸ்தாயியைச் சமமாகப் பகுக்க வேண்டும், 12 சுரமும் 24 சுருதியும் அப்படி வருவனவே என்பது அவர் கட்சி. பழந்தமிழ் இசை அப்படித்தான் வகுத்தது என்று, 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் பக்கம் பக்கமாகத் தசமக் கணக்குப் போட்டு வாதாடினார். ஐரோப்பாவில் எது சுத்த சங்கீதத்தின் எதிரி என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருதினாரோ, அதைப் பழந்தமிழரின் சொத்து என்று தஞ்சாவூரிலிருந்து ஒருவர் உரிமை கொண்டாடினார். பண்டிதரின் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் சுரத்தை வெறும் நம்பிக்கையால் சாதிக்காமல், மடக்கை அட்டவணையை வைத்து எண்ணிப் பார்த்த அந்த மனத்துக்குத் தமிழிசை ஆராய்ச்சி என்றும் கடன்பட்டிருக்கிறது.

பழி தீர்ப்பாக மாறியது 1940இல். அகில இந்திய வானொலியின் தலைவராக இருந்தவர் லயனல் ஃபீல்டன். அங்கே மேல்நாட்டு இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜான் ஃபோல்ட்ஸ் 1938இலேயே ஆர்மோனியத்தைச் சாடிக் கட்டுரை எழுதியிருந்தார். தாகூருக்கும் அது பிடிக்காது. 1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 1971இல்தான் தளர்ந்தது.

அந்தத் தடையில் இரண்டு வெவ்வேறு குறைகளை ஒன்றாகக் கட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஒரு குறை சுரம் நிற்கும் இடம். மற்றது, சுரம் அசையாமை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காரைக்குடி வீணை உதவும்.

வீணையில் 24 மெட்டு, இரண்டு ஸ்தாயிக்கு. அதாவது ஸ்தாயிக்குப் பன்னிரண்டுதான், ஆர்மோனியத்தில் இருக்கும் அதே எண்ணிக்கை. தேன்மெழுகில் கரித்தூளைக் குழைத்துத் தண்டியின் இரு கரையிலும் வரப்பு கட்டி, அதன் மேல் வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள். வைப்பவர் தந்தியை மீட்டிக் காதால் கேட்டபடியே மெட்டை நெல்முனையளவு முன்னும் பின்னும் நகர்த்தி, மெழுகில் அழுத்தி நிறுத்துவார். வெயிலிலும் பழக்கத்திலும் மெழுகு நெகிழ்ந்தால் மறுபடி மெட்டுகளை நிறுத்த, அதாவது மேளம் கட்ட, வேண்டும். ஆக, வீணையிலும் சுரங்கள் பன்னிரண்டு இடங்களில் பூட்டியவைதான். பன்னிரண்டுக்குள் அடங்காதது வாசிப்பவரின் இடது கை. மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடி, ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று சுரம்வரை வழுக்கிக்கொண்டு ஏறும். காரைக்குடி சகோதரர்கள் சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும் வாசித்த கமகங்கள் எல்லாம் அந்த இழுப்பில் பிறந்தவை. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை. அது ஒரு போக்குவரத்து. பித்தளை நாக்கை இழுக்க வழியில்லை. 14 சென்ட் பிழையை அரத்தால் திருத்திவிடலாம். கமகம் இல்லாததை எந்த அரத்தாலும் திருத்த முடியாது. ஆர்மோனியத்தில் கமகத்தின் சாயலை வேக விரல்களால் காட்டிய வித்துவான்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள். அந்தத் திறமையை வணங்குகிறேன். ஆனாலும் அது படிக்கட்டில் ஓடுவதுதான், சரிவில் வழுக்குவது அல்ல.

அப்படியென்றால் முதல் குறை, சுரம் நிற்கும் இடம்? கர்நாடகக் கச்சேரிக்கு அது உண்மையாகவே தேவையற்ற சுமை. கச்சேரி தொடங்கியதிலிருந்து மங்களம்வரை சட்ஜம் ஒன்றுதான். இடம் மாறாத சட்ஜத்துக்கு எதற்குச் சமப் பகுப்பு? எல்லாக் கட்டையிலும் வாசிக்கும் வசதிக்காகக் கொடுத்த விலையை, ஒரே கட்டையில் பாடுகிறவர் ஏன் கட்ட வேண்டும்? இதற்கு நம் ஆட்கள் ஒரு விடை கண்டார்கள்: அதே ரீட்டுகளை வைத்துக் கட்டைகளே இல்லாத ஒரு பெட்டி. சுருதிப் பெட்டியில் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் மட்டும். பஞ்சமத்தை 3:2இல் துல்லியமாக நிறுத்தினால் ஆர்மோனியத்தின் சட்ஜ-பஞ்சமத்தில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை வரும் மெல்லிய அலைகூட ஓய்ந்துவிடும். ஆர்மோனியத்தைக் கச்சேரிக்குள் விடமாட்டேன் என்ற வித்துவானின் பக்கத்திலேயே அதன் தம்பி அமர்ந்து சுருதி கொடுத்துக்கொண்டிருந்தது. நாகசுரத்துக்குப் பின்னால் மூச்சடக்கி ஒத்து ஊதுகிறவரின் வேலையையும் பல இடங்களில் இந்தப் பெட்டியே எடுத்துக்கொண்டது. ரீட் சுத்த சுருதிக்குப் பகை என்றால் இது நடந்திருக்காது.

நாடக மேடையின் கதை வேறு. அங்கே சட்ஜம் ஒன்றாக இருக்கவே முடியாது. வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம். பாட்டுக்குப் பாட்டு பதில். அந்த அம்மா பாடும் கட்டை வேறு, அந்த ஐயா பாடும் கட்டை வேறு. நடுவே பபூன் வந்து தன் கட்டையில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவார். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் வேறு வேறு ஊரிலிருந்து அன்று மாலைதான் வந்து சேர்வார்கள், ஒத்திகை கிடையாது. பெட்டிக்காரர் ஒருவர்தான் எல்லாருக்கும் பொது. ஒருவர் பாடி முடித்து மற்றவர் வாய் திறப்பதற்குள் அவர் புதுச் சட்ஜத்துக்குத் தாவியிருக்க வேண்டும். ஒரு கட்டைக்கென்று சுத்தமாகச் சேர்த்த பெட்டி இங்கே ஒரு காட்சிகூடத் தாங்காது. ஷீட்மாயர் செய்த இரட்டை வரிசைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் கை தடுமாறும். எந்தச் சட்ஜத்திலும் ஒரே அளவு குறையோடு, ஆனால் நம்பகமாக நிற்கும் சமப் பகுப்புதான் இங்கே சரியான பொறியியல்.

ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய மேடையில் பின்வரிசைவரை கேட்கும் வாத்தியம் வேறு எது இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாடக நடிகர் கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்கு ஈடாக அண்ணன் காசி அய்யரின் ஆர்மோனியம் நின்றது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளின் கிராமங்களுக்கு இந்தப் பெட்டியின் தோளில் ஏறித்தான் போய்ச் சேர்ந்தன. காரைக்குடிக்காரரான ஏ. வி. மெய்யப்பன் சினிமாவுக்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி விற்றது ஓடியன் இசைத்தட்டுகள். அதுவும் ஜெர்மன் கம்பெனி. செட்டிநாட்டு வீட்டில் ஊசியின் கீழே சுழன்ற பாட்டும், வெளியே பொட்டலில் நடந்த நாடகமும், இரண்டும் ஜெர்மனியோடு ஏதோ ஒரு நூலிழையில் கட்டுண்டிருந்தன. வானொலியின் தடை கச்சேரிக் காதைக் கொண்டு நாடகத்தின் வாத்தியத்தை அளந்தது. அதனால் நம் கிராமத்துக் கலைஞர்கள் முப்பது ஆண்டுகள் வானொலியின் வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

பள்ளி மாணவர்கள், இசை ஆசிரியர்கள் யாரிடமாவது கழித்துப்போட்ட ஆர்மோனியம் இருந்தால் ஹெல்ம்ஹோல்ட்ஸின் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கட்டைச் சட்ஜத்தையும் அதன் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து அழுத்திக் காற்றைச் சீராகக் கொடுங்கள். நொடிக்குப் பத்துத் துடிப்பை எண்ண முடியாது, கரகரப்பாகத்தான் கேட்கும். ஒரு ஸ்தாயி கீழே அதே இரண்டு கட்டையைப் பிடித்தால் துடிப்பு பாதியாகி ஐந்தாகும், கவனித்தால் எண்ணிவிடலாம். இப்போது கீழ்க் காந்தாரத்தின் நாக்கை எடுத்து, அடியில், தறைக்குப் பக்கத்தில் மிக லேசாகச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டு அழுத்துங்கள். துடிப்பு நான்காகும். இன்னும் கொஞ்சம், மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு எதுவும் அசையாது, இரண்டு சுரமும் ஒரே ஒலியின் இரண்டு பக்கம் போல நிற்கும். அதுதான் 5:4.

அதே நாக்கை இரண்டு கட்டைச் சுருதியில் வைத்தும் கேளுங்கள். இப்போது அது காந்தாரம் அல்ல, சதுசுருதி ரிஷபம். 9:8 விகிதத்தில் 204 சென்ட்டில் நிற்க வேண்டியது, சுமார் 186இல் நிற்கும். சமப் பகுப்பில் இருந்தபோது 200இல் இருந்தது. ஒரு கட்டைக்குச் செய்த நன்மை, இரண்டு கட்டைக்குத் தீமையாகியிருக்கும். மறுபடி ஏற்ற வேண்டுமானால் நுனியில் சுரண்டலாம், சுருதி பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் நாக்கு இரண்டு முனையிலும் மெலிந்திருக்கும். சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே யாருக்கும் இனித் தேவைப்படாத பெட்டியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், நாக்கு ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருந்தது என்று கழற்றும்போதே எண் எழுதி வையுங்கள்.